ஒசாக்காவிலிருந்து வந்த "பாப்பம்"

"எங்களுக்கு ஏதாவது எழுதித் தாங்கோ அக்கா" என்று பாரிசின் ரூ லூயி-பிளாங் தெருப் பயண முகவர் நிலையத்தில் புதிதாகச் சேர்ந்த நீங்கள் நாலு பேரும் கேட்டீர்கள். உங்களில் ஒருத்தி மட்டும், பிரெஞ்சில் எழுதினால் வாசிக்கச் சுகம் என்றாள். சுகமாக வாசிக்கப் போய் நான் விட்ட பிழையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். ஆகவே கொஞ்சம் கஷ்டப்பட்டுத் தமிழிலேயே வாசியுங்கள்.

டிக்கெட் போடுவது, திகதி மாற்றுவது, விமானம் பிந்தினால் யாருடன் சண்டை பிடிப்பது என்பதிலெல்லாம் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர். அதில் நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. ஒபெரா பக்கத்தில் ஒரு சின்ன ஜப்பானிய அலுவலகத்தில் நான் வேலை செய்தது உங்களுக்குத் தெரியும். ஜப்பானிலிருந்து வரும் பயணிகளை இறக்கி, தங்கவைத்து, சுற்றிக்காட்டி, திருப்பி அனுப்புவது எங்கள் வேலை. அங்கே இருந்துகொண்டு, கையிலிருந்த போனில் கட்டைவிரல் படத்தை இரண்டு தடவை அழுத்தி, ஒசாக்காவில் இருபத்தாறு வருடம் ஒரே கதிரையில் இருந்த ஒரு பெண்ணை எழுப்பிவிட்டேன். என்னை யாரும் வற்புறுத்தவில்லை. கோபத்தில் செய்ததும் இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

நான் ஜப்பானிய மொழி படித்தது பள்ளிக்கூடத்தில் இல்லை. பாரிசுக்கு வந்த புதிதில் ஒரு ஜப்பானியக் குடும்பத்தில் பிள்ளை பார்க்கப் போனேன். அந்தப் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் தங்கள் மொழி வகுப்புக்குப் போவார்கள். அவர்களுடைய வீட்டுப்பாடத்தை அவர்களுக்குப் பதிலாக நான் செய்து செய்தே எனக்கு எழுத்து வந்தது. பிள்ளைகள் படித்தார்களோ இல்லையோ, நான் படித்துவிட்டேன். பிள்ளைகள் வளர்ந்த பிறகு அவர்களின் தகப்பன் என்னைத் தன் அலுவலகத்திலேயே சேர்த்துக்கொண்டார். முதலில் தேநீர், கோப்பு அடுக்குவது. 2009இல் ஒசாக்காவோடு கடிதப் போக்குவரத்து முழுவதையும் என் மேசைக்கு மாற்றினார்.

கடிதப் போக்குவரத்து என்றால் அப்போது ஃபாக்ஸ். உலகமெல்லாம் மின்னஞ்சலுக்குப் போய்விட்டது, ஜப்பான்காரர் மட்டும் ஃபாக்ஸை விடவில்லை. இவ்வளவு இயந்திரம் செய்கிறவர்கள் ஏன் இப்படி என்று நானும் சிரித்திருக்கிறேன். நான் மார்க்ஸ் டோர்மோயில் பன்னிரண்டாம் லைன் மெத்ரோ பிடித்து, மதலேனில் இறங்கி நடந்து போய் அலுவலகக் கதவைத் திறக்கும்போது ஒசாக்காவில் பின்னேரமாகிவிடும். அவர்கள் பகல் முழுவதும் எழுதியது எங்கள் தட்டில் குவிந்திருக்கும். எழுதியவர் தனாபே சான்; சான் என்பது ஜப்பான்காரர் பெயரோடு மரியாதைக்குச் சேர்ப்பது. பயணிகளைத் திரட்டி எங்களுக்கு அனுப்பும் ஒசாக்கா நிறுவனத்தில் பாரிஸ் பகுதி என்றால் அவர் ஒருவர்தான்.

அவருடைய ஃபாக்ஸின் முதல் வரி எப்போதும் காலநிலை. "இங்கே பிளம் மரம் பூக்கத் தொடங்கிவிட்டது, அங்கே எப்படி?" வீண் தாள் என்று நினைத்தேன். ஒரு மாதம் போனபின், பதில் எழுதாவிட்டால் மரியாதை இல்லை என்று நானும் ஒரு வரி எழுதத் தொடங்கினேன். லா ஷபெல் மெத்ரோ வாசலில் தள்ளுவண்டியில் சோளம் சுடுகிறவர்கள் வந்துவிட்டார்கள், குளிர் தொடங்கிவிட்டது என்று எழுதினேன். அடுத்த நாள் பதில்: "சோளத்துக்கு உப்பு மட்டுமா, வேறு ஏதாவது தடவுவார்களா?" இப்படித்தான் எங்கள் சிநேகிதம் வளர்ந்தது. வருடக்கணக்காக ஆட்களைப் பாரிசுக்கு அனுப்பிய அந்தப் பெண் ஒருநாளும் பாரிசைப் பார்த்ததில்லை.

காலநிலைக்குக் கீழே பயணிகளின் பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியலின் ஓரத்தில் பென்சிலால் பொடி எழுத்தில் குறிப்புகள் இருக்கும். "ஏழாம் இலக்கம்: படியில் கையைப் பிடித்தால் கோபிப்பார். பக்கத்தில் நின்றால் போதும்." "பன்னிரண்டு: கணவரின் படத்தைக் கைப்பையில் கொண்டுவருகிறார். படகில் ஓர ஆசனம் கொடுங்கள்." இது எப்படித் தெரியும் என்று ஒருமுறை கேட்டேன். புறப்படுவதற்கு முதல் வாரம் ஒவ்வொரு வீட்டுக்கும் தானே போன் எடுத்துப் பேசுவாராம். கேள்வி ஒன்றும் கேட்பதில்லை, பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன் என்று எழுதினார்.

என் முதல் பெரிய பிழை அந்த வருடமே வந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் பதினெட்டுப் பேர் வருகிறார்கள். வழக்கமான ஹோட்டல் கிடைக்கவில்லை. இன்னொன்று நல்லதாக இருந்தது, ஆனால் அறைகளில் குளியல் தொட்டி இல்லை, ஷவர்தான். தனாபே சானுக்கு எழுதிக் கேட்டேன். "தொட்டி இல்லாவிட்டால் சற்றுக் கடினமாக இருக்கும்" என்று பதில் வந்தது. சற்றுத்தானே, சமாளிப்பார்கள் என்று அறைகளைப் போட்டுவிட்டேன்.

அவர்கள் வந்தார்கள். அறைகளைப் பார்த்தார்கள். பெட்டிகளைத் திறக்காமல், வரவேற்பறையில் பதினெட்டுப் பேரும் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். நான் முதலாளியைக் கூப்பிட்டேன். "தனாபே சான் என்ன எழுதியிருந்தார்?" என்று கேட்டார். சொன்னேன். "அப்படியானால் முடியாது என்று எழுதியிருக்கிறாரே" என்றார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒன்பது ஹோட்டலுக்குப் போன் அடித்து, பத்தாவதில் தொட்டியுள்ள அறைகளைப் பிடித்தேன். பின்னேரமே எல்லோரையும் பேருந்தில் ஏற்றி மாற்றினோம். போகும்போது ஒவ்வொருவராக என்னிடம் குனிந்து நன்றி சொன்னார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் ரூ லூயி-பிளாங்கில் போன் கடைக்குப் போனேன். திருத்தக் கொடுத்திருந்த என் போனைப் பற்றி, "இண்டைக்குக் கிடைக்குமோ தம்பி?" என்று கேட்டேன்.

"ஓம் அக்கா, பாப்பம்" என்றார் கடைக்காரர்.

சரி, கிடைக்காது என்று திரும்பி நடந்தேன். நாலு கடை தாண்டிய பிறகுதான் உறைத்தது, நடுத்தெருவில் நின்று சிரித்தேன். அந்த ஆள் "இல்லை" என்று சொல்லவேயில்லை. அவர் சொன்னது "ஓம்". ஆனால் எனக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. திரான்சியிலிருந்து யாரோ கொண்டாட்டத்துக்கு அழைத்தால் நாங்கள் பார்ப்போம் என்பதற்கு "பாப்பம்" என்கிறோமே, அழைத்தவர் அந்த நேரமே ஒரு கதிரையைக் குறைத்துவிடுவார். இந்தச் சொல்லைத்தான் தனாபே சான் ஜப்பானிய மொழியில் எழுதியிருக்கிறார். இதைப் பிடித்த பிறகு அவருடைய ஃபாக்ஸ் எனக்குக் கண்ணாடி போலத் தெளிந்தது. "சற்றுக் கடினம்" என்றால் பாப்பம். "யோசித்துப் பார்க்கிறோம்" என்றால் பாப்பம். "நல்ல யோசனைதான்" என்று எழுதி முற்றுப்புள்ளிக்குப் பின் ஒன்றும் இல்லாவிட்டால் அதுவும் பாப்பம். யாழ்ப்பாணத்தாருக்கு ஜப்பான்காரரைப் புரிந்துகொள்ள அகராதி தேவையில்லை என்று அலுவலகத்தில் பெருமை அடித்துக்கொண்டு திரிந்தேன். அந்தப் பெருமையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறேழு வருடம் இப்படிப் போனது. பிறகு ஒசாக்காவில் பெரிய முதலாளி ஓய்வெடுத்து, மகன் வந்தார். நல்ல பிள்ளை, அவரைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். ஜப்பானில் அதற்குள் எல்லாம் போனுக்குள் போய்விட்டிருந்தது. வகுப்புக்கு ஒரு குழு, அந்த வகுப்பின் தாய்மாருக்கு ஒரு குழு, அலுவலகத்துக்கு ஒரு குழு. செய்தி அனுப்பினால், எதிராளி பார்த்ததும் பக்கத்தில் "வாசித்தாயிற்று" என்று ஒரு சின்னக் குறி விழும். வாசித்தாயிற்று என்று விழுந்தும் பதில் போடாதவர் அங்கே பெரிய குற்றவாளி. அதனாலேயே பதில் போட முடியாத நேரம் செய்தியைத் திறக்காமல் வைத்திருப்பவர்கள் உண்டு. அந்தக் குறிக்குப் பயந்து குளிக்கும்போதும் போனை விடாத பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று தனாபே சான் ஃபாக்ஸில் எனக்கு எழுதினார். போனைப் பற்றி ஃபாக்ஸில் எழுதியது அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

இளைய முதலாளி எங்களுக்கும் ஒரு குழு தொடங்கினார். எங்கள் அலுவலகத்தில் பேருந்துகளைப் பார்த்துக்கொண்ட லூர்துவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. லூர்து புதுச்சேரிக்காரர், ஜப்பானிய மொழி ஒரு எழுத்தும் தெரியாது.

"மதாம், இங்க பாருங்க. செய்தி மேல இந்தப் பொத்தானை அமுக்குங்க. பிரெஞ்சுல வந்துடுது. வுவாலா! இனிமே நீங்க இல்லாட்டியும் வேலை நடக்கும்" என்றார்.

"அதுக்காகத்தான் இவ்வளவு சந்தோஷமோ?" என்று கேட்டேன்.

"ஐயோ மதாம், அப்படி இல்லீங்க!"

ஒரு வாரத்தில் நானும் அந்தப் பொத்தானைத்தான் அமுக்கிக்கொண்டிருந்தேன். சனியன் பிடித்த அந்த எழுத்துகளைக் கண்ணைச் சுருக்கி வாசிப்பதைவிட அது சுகமாக இருந்தது. மெத்ரோவில் நின்றபடியே வேலை முடிந்தது. நான் அலுவலகம் சேரும்போது செய்ய ஒன்றும் இருக்காது. அவ்வளவு காலமும் மொழியை விற்றுச் சாப்பிட்ட நான், அந்த மொழியை வாசிப்பதை நிறுத்தினேன். யாரும் கவனிக்கவில்லை. நானே கவனிக்கவில்லை.

பயணிகள் பட்டியலுக்கு இளைய முதலாளி ஒரு படிவம் செய்தார். பெயர், அறை, உணவு ஒவ்வாமை உண்டு அல்லது இல்லை. பார்க்க அழகாக இருந்தது. ஓரம் மட்டும் இல்லை.

பிறகு ஒரு பெப்ரவரியில், திங்கட்கிழமை, அவர் குழுவில் ஒரு அறிவித்தல் போட்டார். ஏப்ரலில் புதிய கணக்காண்டு தொடங்குவதால் ஃபாக்ஸையும், புறப்படுவதற்கு முன் வீடுவீடாகப் போன் எடுக்கும் பழக்கத்தையும் நிறுத்த எண்ணியிருக்கிறோம். பாரிசுக்கு ஏதாவது அசௌகரியம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் தெரிவிக்கவும். அந்த இரண்டையும் எடுத்துவிட்டால் தனாபே சானுக்கு மிஞ்சுவது என்ன என்று நான் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

புதன்கிழமை காலை எனக்குத் தனியாகத் தனாபே சானிடமிருந்து ஒரு செய்தி வந்தது. நான் பன்னிரண்டாம் லைனில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தோளில் பை விழ விழ நின்றேன். பொத்தானை அமுக்கினேன். பிரெஞ்சில் வந்தது:

"இங்கே இன்னும் குளிர் விடவில்லை. போன மாதம் ஃபாக்ஸ் தாள் ஒரு பெட்டி வாங்கி வைத்தேன். என் மேசை சன்னல் பக்கம் என்பதால் வெயில் பட்டுத் தாள் மஞ்சளாகிவிடுமோ என்று யோசிக்கிறேன். பாரிசில் உங்கள் காலை நேரங்கள் எப்படி?"

பாவம், பேச்சுத்துணைக்கு எழுதியிருக்கிறார் என்று நினைத்தேன். சேன்-லசார் நிலையம் வந்தது, ஆட்கள் இடித்துக்கொண்டு இறங்கினார்கள். வாசித்தாயிற்று என்ற குறி அவருக்கு விழுந்திருக்கும், சும்மா விட்டால் மரியாதை இல்லை. கட்டைவிரல் படத்தை அழுத்தினேன். அது முதலாவது.

வெள்ளிக்கிழமை லூர்து ஞாபகப்படுத்தினார். "மதாம், ஒசாக்கா கேட்டதுக்கு இன்னிக்குத்தான் கடைசி. நமக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லையே? ஒரு பூஸ் போட்டுடுங்க." பூஸ் என்றால் கட்டைவிரல், உங்களுக்குத் தெரியும். குழுவில் இளைய முதலாளியின் அறிவித்தலுக்குக் கீழே அழுத்தினேன். அது இரண்டாவது. அன்று பின்னேரமே லூர்து ஃபாக்ஸ் இயந்திரத்தின் வயரைக் கழற்றி, அதன் மேல் ஒரு பூச்சாடியை வைத்தார். நான்தான் அதற்குத் தண்ணீர் ஊற்றினேன்.

ஏப்ரலில் தனாபே சானின் பெயர் குழுவில் இல்லை. "தனாபே விலகினார்" என்று சாம்பல் எழுத்தில் ஒரு வரி இருந்தது. ஆள் குழுவை விட்டுப் போனால் செயலி தானாகப் போடும் வரி அது. வயதுதானே, ஓய்வு எடுத்திருப்பார் என்று நினைத்தேன். ஒரு போன் எடுத்துக் கேட்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு நா கூசுகிறது.

அடுத்த வருடம் மார்ச்சில் ஒரு பெண்கள் கல்லூரியிலிருந்து பன்னிரண்டு மாணவிகள் வந்தார்கள். வருடாவருடம் வருகிற கல்லூரிதான். ஆனால் இப்போது பெற்றோர் ஒசாக்காவிலிருந்தே பயணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு இடத்திலும் படம் எடுத்துக் குழுவில் போடவேண்டும். பிள்ளைகள் தேவாலயத்தைப் பார்ப்பதற்கு முன் அதன் படத்தை அவர்களின் தாய்மார் பார்த்துவிடுவார்கள்.

மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கு மொன்மார்த் அடிவாரத்தில் பேருந்து நின்றது. பதினொரு பேர் இறங்கினார்கள். ஒன்பதாம் இலக்கம் இறங்கவில்லை. மியூ என்று பெயர். கடைசி ஆசனத்தில் சன்னல் பக்கம் திரும்பி இருந்தாள். ஆசிரியை கூப்பிட்டார், வரவில்லை. மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு ஆசிரியை மேலே ஏற, லூர்து கூடவே போய்ப் படம் எடுத்துப் போட்டார். இரண்டு நிமிடத்தில் என் போன் அலறத் தொடங்கியது. ஒன்பதாம் இலக்கம் எங்கே? படத்தில் ஏன் இல்லை? பெற்றோர் கேட்கிறார்கள் என்றது ஒசாக்கா அலுவலகம். ஒன்பதாம் இலக்கத்தின் படம் ஒன்று உடனே தேவை.

படிவத்தைத் திறந்து பார்த்தேன். ஒன்பது: உணவு ஒவ்வாமை இல்லை. அவ்வளவுதான் அந்தப் பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரிந்தது.

பக்கத்தில் போய் இருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் போக, அவள் போனை என் பக்கம் நீட்டினாள். அது மாணவிகளின் குழு, ஆசிரியை இல்லாதது. அன்று காலை அவள் எழுதியிருந்தாள்: "இன்று என்னோடு சேர்ந்து நடக்க யாராவது வருவீர்களா?" கீழே, வாசித்தாயிற்று, பதினொன்று. பதில் ஒன்றுகூட இல்லை. கடைசியாக ஒருத்தி ஒரு கட்டைவிரல் படம் போட்டிருந்தாள்.

அந்தக் கட்டைவிரலிலிருந்து என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. ஏனென்று யோசிக்க அப்போது நேரம் இல்லை. போன் அலறிக்கொண்டிருந்தது. ஒரு படம் எடுத்து அனுப்பினால் ஒசாக்கா அடங்கும். ஒரு நொடி வேலை. அழுத முகத்தோடு அவளைச் சிரிக்கச் சொல்லி எடுத்து, பன்னிரண்டு குடும்பமும் பார்க்கிற இடத்தில் போடவேண்டும். "நலமாக என்னோடு இருக்கிறாள். படம் இல்லை" என்று எழுதி அனுப்பிவிட்டு, போனைப் பைக்குள் போட்டேன். என் வேலைக் காலத்தில் நான் சரியாகச் செய்த சில காரியங்களில் அது ஒன்று.

"எனக்கு முழங்கால் நோகிறது, மலை ஏற முடியாது. என்னோடு கீழே நடக்க வருகிறாயா?" என்று கேட்டேன். வந்தாள். பூல்வார் வழியே கால்மணி நேரம் நடந்து லா ஷபெலுக்குக் கூட்டிவந்து, எங்கள் தமிழ்க் கடை ஒன்றில் ரோல்ஸும் தேநீரும் வாங்கிக் கொடுத்தேன்.

கடைக்காரர் அவளைப் பார்த்துவிட்டு, "அக்கா, பிள்ளை உறைப்புத் தாங்குமோ?" என்று கேட்டார்.

"குடுங்கோ அண்ணை, இண்டைக்கு எதையும் தாங்குவா" என்றேன்.

அவள் ஒரு கடி கடித்து, கண்ணில் நீர் வர, இந்தமுறை சிரித்தாள். அப்போதுதான் அவளுடைய தாய்க்குப் போன் எடுத்தேன், குழுவில் இல்லை, நேராக. அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். மகளிடம் கொடுத்தேன். "உறைக்கிறது அம்மா, ஆனால் நன்றாக இருக்கிறது" என்றாள். போன் திரும்ப என் கைக்கு வந்தது. தாய் மெதுவாகச் சொன்னார்: "மூத்தவள் பாரிசுக்கு வந்த வருடம், புறப்படுவதற்கு முன்னால் உங்கள் ஆட்களில் ஒரு பெண் எங்களுக்குப் போன் எடுத்தார். நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். மியூவுக்கும் எடுப்பார் என்று காத்திருந்தோம். இவளைப் பற்றிச் சொல்ல எங்களுக்கு நிறைய இருந்தது. இந்தமுறை யாரும் எடுக்கவில்லை."

நான் மன்னிப்புக் கேட்டேன். வேறென்ன செய்வது?

அன்று பின்னேரம் அலுவலகத்தில் தனாபே சானின் அந்தப் புதன்கிழமைச் செய்தியைத் தேடி எடுத்தேன். பொத்தானை அமுக்காமல், அவர் எழுதியபடி, ஜப்பானிய எழுத்தில் வாசித்தேன். முதல் தடவையாக வாசித்தேன். மொழிபெயர்ப்புப் பொறியை நான் குறை சொல்லவில்லை, அது ஒரு சொல்லையும் பிழையாகப் போடவில்லை. குளிர், தாள், சன்னல், வெயில், எல்லாம் சரி. ஆனால் காலநிலை வரிக்குப் பிறகு அவர் ஒருநாளும் தன் கதை எழுதியதில்லை, அது பொறிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். வாங்கிய தாளுக்கு இனி வேலை இருக்குமா, நான் இந்தச் சன்னல் பக்கத்தில் இருப்பேனா, பாரிசுக்கு நான் தேவை என்று நீ ஒரு வரி சொல்வாயா என்று கேட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்பே கேட்டிருக்கிறார். அவரால் அதற்கு மேல் வாய்விட்டுக் கேட்க முடியாது. நானும் அப்படிப்பட்ட இனத்தில் பிறந்தவள்தான். அதற்கு நான் போட்டது ஒரு கட்டைவிரல்.

மறுநாள் இளைய முதலாளிக்குப் போன் எடுத்தேன். தனாபே சான் தாமாகவே விலகினார் என்றார். அவர் கொஞ்ச நாள் எதற்காகவோ காத்திருந்தது போலத் தெரிந்தது, பாரிசின் பதில் வந்ததும் மேசையை ஒழுங்குபடுத்திவிட்டார் என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே என் போனுக்கு ஒரு படம் அனுப்பினார். அவருடைய அறிவித்தல், அதன் கீழே என் பெயர், என் கட்டைவிரல். குற்றம் சாட்டவில்லை. பாரிசுக்கு அசௌகரியம் இல்லை என்று நீங்கள் சொன்னதால்தான் நிம்மதியாக முடிவெடுத்தேன் என்று மரியாதையாகச் சொன்னார்.

"மாணவர் பயணங்களுக்கு மட்டுமாவது அவரைத் திரும்ப அழைக்க முடியுமா?" என்று கேட்டேன்.

அங்கே மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. "அது சற்றுக் கடினமாக இருக்கும்" என்றார்.

நான் திரும்பக் கேட்கவில்லை. மியூவைப் போல வருகிற பிள்ளைகளுக்காக, அதன் பிறகு நானே ஒவ்வொரு வீட்டுக்கும் போன் எடுத்தேன். ஓய்வுபெறும்வரை எடுத்தேன். ஆனால் எனக்குத் தனாபே சானைப் போலக் கேட்டுக்கொண்டிருக்க வராது, இடையில் பேசிவிடுவேன்.

அவருக்கு மட்டும் எழுதவில்லை. எழுத வெட்கம். ஓய்வுபெற்றும் நாட்கள் போய்விட்டன. போன மாதம் உங்களுடைய நிலையத்தில் ஒரு மூலையில் இருந்து எழுதத் தொடங்கினேன், நீங்கள் பார்த்தீர்கள். ஏதோ நாவல் எழுதுகிறா என்று நக்கலடித்தீர்கள். நாலு வரிக்கு மூன்று நாள் ஆனது. எங்கள் பழைய செய்திகள் போனில் அப்படியே இருந்தன, கடைசியில் என் கட்டைவிரல். அதற்குக் கீழே முதல் வரியாகக் காலநிலை எழுதினேன். லா ஷபெலில் சோளக்காரர் வந்துவிட்டார்கள் என்றேன். "ஃபாக்ஸ் தாள் பற்றி நீங்கள் எழுதியதை அன்று நான் பார்த்தேன், வாசிக்கவில்லை. அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன்" என்று எழுதினேன். "இவ்வளவு பேரை அனுப்பிய ஊரைப் பார்க்க நீங்கள் ஒருமுறை வரவேண்டும். ஹோட்டல் வேண்டாம். மார்க்ஸ் டோர்மோயில் என் வீடு சின்னது, ஆனால் குளியல் தொட்டி இருக்கிறது."

உடனேயே வாசித்தாயிற்று என்று விழுந்தது. பிறகு ஒன்பது நாள் ஒன்றும் இல்லை. அந்த ஒன்பது நாளும் நான் எப்படி இருந்தேன் என்பதை உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

பத்தாம் நாள் பதில் வந்தது. எனக்குக் கண்ணாடி கையில் இல்லை. உங்களில் ஒருத்தி, பிரெஞ்சில் எழுதச் சொன்ன அதே ஆள், போனை என் கையிலிருந்து எட்டி எடுத்து, பொத்தானை அமுக்கி, சத்தமாக வாசித்தாள்.

"இங்கே இலைகள் நிறம் மாறிவிட்டன. சோளத்துக்கு என்ன தடவுகிறார்கள் என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை. தொட்டி இருப்பது அறிந்து மனம் குளிர்ந்தது. மிக்க நன்றி. வருவது பற்றி யோசித்துப் பார்க்கிறேன்."

"அக்கா, எல் வியான்!" என்று துள்ளினாள். "யோசிக்கிறாவாம்! வரப்போறா!"

அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. சோளத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறாரே, அதுவே பெரிது என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

"ஓம்" என்றேன். "பாப்பம்."

அவள் போனில் கலண்டரைத் திறந்து, விரலைத் தயாராக வைத்துக்கொண்டு, என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எப்ப அக்கா?"